ஓசை பிறக்கும் இடம்

நம் சங்க மலருக்கு ஒரு விஞ்ஞானக் கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழு நண்பர்கள் கேட்டபோது முதலில் தயங்கினேன். அதிர்ச்சி அலையும் சுழல் வளையமும் காற்றில் மோதிக்கொண்டால் என்ன நிகழ்கிறது என்பதே என் ஆராய்ச்சிப் பொருள். வகுப்பிலும் ஆய்வுக்கூடத்திலும் இதைப்பற்றி நாங்கள் பேசுவதெல்லாம் ஆங்கிலத்தில்; கடைத்தெருவில் இந்தி; தமிழ் என்பது வீட்டாரோடு தொலைபேசியில் பேசும்போதும், நம் சங்கக் கூட்டங்களிலும் மட்டுந்தான். ஆகவே இதைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற ஐயம் எனக்கே இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், இதே பொருளை ஒருவருக்கு நான் தமிழில்தான் சொல்லியாக வேண்டியிருந்தது. அவர் என் தகப்பனார்.

அப்பா காவிரிக்கரையில் ஒரு சிறு கிராமத்தில் பிறந்தவர். இருபது வயதில் வேலை தேடி வடக்கே வந்தார். வாழ்நாளில் பெரும்பகுதி ஒரு விமானத் தளத்தில் தரைப்பணி. போர் விமானத்தை நிறுத்தி வைத்து எஞ்சினை முழுச் சக்தியில் முடுக்கிச் சோதிப்பார்கள் அல்லவா? அப்போது அருகில் நிற்பவர்களில் அவரும் ஒருவர். காதுக்கு மூடி கொடுத்திருந்தார்கள். ஆனால் மே மாத வெயிலில், வழியும் வியர்வையில், பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டிய அவசரத்தில், அதை எத்தனை முறை கழற்றியிருப்பாரோ! இன்று அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அம்மா எதையும் மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது. நான் தொலைபேசியில் பேசினால் "சரி, சரி" என்கிறார். பாதி காதில் விழுந்திருக்காது என்பது எனக்குத் தெரியும்.

சென்ற விடுமுறையில், "எதைப்பத்திடா படிக்கிறே?" என்று கேட்டார். "காத்துல உண்டாகிற சத்தம் பத்தி, அப்பா" என்று உரக்கச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் கேட்டார்: "பிளேன் நின்ன இடத்திலேதானேடா நிக்குது? சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தியிருக்கோம். அசையாம நிக்கிற பிளேன் அப்படி அலறுதே, அந்தச் சத்தம் எங்கேடா பொறக்குது?"

எஞ்சினுக்குள்ளே என்றுதான் பலரும் பதில் சொல்வார்கள். அது முழு உண்மையன்று. எஞ்சினுக்குள் சுழலும் சக்கரங்களும் எரியும் எண்ணெயும் ஓசை எழுப்புவது மெய்யே. ஆனால் அப்பாவின் காதைக் கெடுத்த ஓசையின் பெரும்பகுதி எஞ்சினுக்கு வெளியே, அதன் பின்புறத்தில், இரும்பும் இல்லை நெருப்பும் இல்லை என்று நாம் நினைக்கும் வெட்டவெளியில் பிறக்கிறது. வெறுங்காற்று எப்படி அலறும்? அதை அறிய முதலில் இரண்டு பாத்திரங்களை அறிமுகம் செய்துகொள்வோம்.

சுழல் வளையம்

முதற் பாத்திரத்தை உங்கள் விடுதி அறையிலேயே காணலாம். ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து, ஒரு பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு வட்டமாகத் துளையிடுங்கள். மற்ற இடுக்குகளையெல்லாம் காகிதம் ஒட்டி அடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று ஊதுவத்திகளைக் கொளுத்தித் துளை வழியே புகையை உள்ளே நிரப்புங்கள். பிறகு துளைக்கு எதிர்ப்பக்கத்தை உள்ளங்கையால் பட்டென்று ஒரு தட்டுத் தட்டுங்கள். துளையிலிருந்து அழகான புகை வளையம் ஒன்று புறப்பட்டு, அறையின் குறுக்கே நேராக மிதந்து செல்லும். எதிரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தால், வளையம் அதன்மீது பட்டதும் சுடர் துடிக்கும். சில வேளை அணைந்தே போகும்.

இங்கே கவனிக்க வேண்டியது, புகை வெறும் சாயந்தான் என்பது. புகையில்லாமல் தட்டினாலும் வளையம் உண்டாகும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. துளையின் நடுவில் காற்று வேகமாக வெளிப்படுகிறது. விளிம்பை ஒட்டிய காற்று பின்தங்கிச் சுருண்டு கொள்கிறது. காவிரியில் வெள்ளம் வரும்போது பாலத்தூணின் ஓரத்தில் நீர் சுழித்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய ஒரு சுழியை நீளமாக இழுத்து, இரு முனைகளையும் வளைத்து ஒட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் சுழல் வளையம். வளையத்தின் உட்புறமாகக் காற்று முன்னோக்கிப் பாய்கிறது. வெளிப்புறமாகப் பின்னோக்கித் திரும்புகிறது. இந்தச் சுழற்சியே வளையத்தைத் தானாக முன்னே செலுத்துகிறது.

1858-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுழல்களைப் பற்றிய கணக்கியல் விதிகளை வெளியிட்டார். பிசுபிசுப்பு சற்றும் இல்லாத பாய்பொருளில் ஒரு சுழல் தானாகப் பிறவாது, அழியவும் அழியாது என்பது அவற்றின் சாரம். 1867-இல் எடின்பரோவில் டெய்ட் என்பவர் இரண்டு பெட்டிகளிலிருந்து புகை வளையங்களை விடுத்துக் காட்டினார். வளையங்கள் ஒன்றையொன்று நெருங்கும்போது ரப்பர் வளையம் போல அதிர்ந்து விலகின. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தாம்ஸன். உலகத்தின் அணுக்கள்கூட இப்படி ஈதரில் அமைந்த அழியாத சுழல் வளையங்களாக இருக்கலாமே என்று அவருக்குத் தோன்றிவிட்டது! அணுவைப் பற்றிய அந்தக் கொள்கை நிலைக்கவில்லை. ஆனால் அதற்காகச் செய்த கணக்குகள் நிலைத்தன. சிறிய வளையம் வேகமாகச் செல்லும், பெரிய வளையம் மெதுவாகச் செல்லும். சுழற்சி கூடினால் வேகமும் கூடும். இந்தக் கணக்கை இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம்.

ஆக, சுழல் வளையம் என்பது எளிதில் கலையாத ஓர் ஒழுங்கு. அது தனியே செல்லும்போது பெரிதாக ஓசை செய்வதுமில்லை. பெட்டியிலிருந்து வந்த வளையத்தைப் பார்த்தீர்களே, எவ்வளவு அமைதியாகப் போயிற்று!

காற்றில் எழும் சுவர்

இரண்டாவது பாத்திரம் நேர்மாறான குணமுடையது. திருவிழாவில் அதிர்வேட்டு வெடிக்கும்போது நெஞ்சில் 'தொம்' என்று ஓர் அடி விழுகிறதல்லவா? மாட்டுக்காரர் சாட்டையைச் சொடுக்கும்போது 'பளீர்' என்று கேட்கிறதே? இரண்டும் அதிர்ச்சி அலையின் வேலை. சாட்டையின் நுனி ஒரு கணம் ஒலியின் வேகத்தையும் மிஞ்சிவிடுவதால் அந்த ஓசை பிறக்கிறது.

சாதாரண ஒலி என்பது காற்றில் செல்லும் மெல்லிய நெருக்கல். நம் நாட்டு வெப்பத்தில் அது வினாடிக்கு ஏறக்குறைய 347 மீட்டர் வேகத்தில் போகும். இப்போது ஒரு நீண்ட குழாயில் ஒரு தண்டை வைத்து, அதை மேலும் மேலும் வேகமாகத் தள்ளுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் தள்ளலால் ஒரு மெல்லிய நெருக்கல் அலை புறப்படுகிறது. அது கடந்துபோன காற்று சற்றுச் சூடாகிறது. முன்னோக்கி நகரவும் தொடங்குகிறது. சூடான காற்றில் ஒலி விரைந்து செல்லும். ஆகவே இரண்டாம் தள்ளலால் உண்டான அலை முதல் அலையைவிட வேகமாக ஓடுகிறது. மூன்றாவது அதைவிட வேகம். பின்னால் வந்தவையெல்லாம் முன்னால் போனதை எட்டிப் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, கடைசியில் செங்குத்தான ஒரு சுவராக எழுந்து நிற்கின்றன. அதுவே அதிர்ச்சி அலை.

அந்தச் சுவர் எவ்வளவு மெல்லியது தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு செய்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் காற்றின் நிலை தலைகீழாக மாறிவிடுகிறது. ஒலியைப் போல ஒன்றரை மடங்கு வேகத்தில், அதாவது மாக் எண் 1.5-இல் செல்லும் ஓர் அலையை எடுத்துக்கொள்வோம். அது வினாடிக்குச் சுமார் 520 மீட்டர் செல்லும். அது கடந்ததும் காற்றின் அழுத்தம் 2.46 மடங்காகிறது, அடர்த்தி 1.86 மடங்காகிறது, 27 டிகிரியில் இருந்த காற்று 123 டிகிரிக்குச் சூடாகிறது. அதுமட்டுமன்று, அசையாமல் நின்ற காற்று வினாடிக்கு 240 மீட்டர் வேகத்தில் அலையின் பின்னே ஓடத் தொடங்குகிறது. எந்தப் புயலும் இதன் அருகே வர முடியாது.

இவ்வளவு மெல்லிய சுவரைக் கண்ணால் காண முடியுமா என்று கேட்கலாம். கோடையில் தார் ரோட்டின் மேல் காற்று நெளிவதைப் பார்க்கிறோமே, அதே தத்துவந்தான். அடர்த்தி மாறும் இடத்தில் ஒளி வளைகிறது. இதைக் கொண்டு டோப்ளர் என்ற ஜெர்மானியர் 1860-களில் ஷ்லீரன் முறை என்னும் படமெடுக்கும் முறையை வகுத்தார். (ஊதல் ஓசைக்குப் பேர்போன டாப்ளர் வேறு, இவர் வேறு.) அதைப் பயன்படுத்தி எர்ன்ஸ்ட் மாக்கும் ஸால்ஷரும் பறக்கும் துப்பாக்கிக் குண்டின் முன்னே நிற்கும் அலையைப் படமெடுத்து 1887-இல் வெளியிட்டார்கள். மாக் எண் என்று நாம் சொல்வது அவர் பெயரால்தான்.

ஒரே குழாயில் இருவரும்

இவ்விரண்டு பாத்திரங்களையும் ஒரே கருவியில் பிறப்பிக்கலாம் என்பது வியப்பான செய்தி. அந்தக் கருவியின் பெயர் அதிர்ச்சிக் குழாய். பிரெஞ்சு நாட்டில் வியேல் என்பவர் 1899-இலேயே இதைச் செய்து காட்டினார். நீண்ட குழாய் ஒன்றின் நடுவே மெல்லிய தகடு வைத்து அடைத்துவிடுவார்கள். ஒரு பக்கத்தில் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தகடு கிழியும். உடனே மறுபக்கக் காற்றில் அதிர்ச்சி அலை பாயும்.

குழாயின் மறுமுனையைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? அலை வெளியே வந்ததும் குடைபோல விரிந்து செல்கிறது. அதன் பின்னே வரும் காற்று, விளிம்பில் சுருண்டு ஒரு சுழல் வளையமாகிறது. நம் அட்டைப் பெட்டியில் நடந்ததேதான். வேகம் மட்டும் நூறு மடங்கு. தட்டிய கைக்குப் பதிலாக அதிர்ச்சி அலை!

இந்த வளையங்கள் சாதுவான புகை வளையங்கள் அல்ல. குழாயிலிருந்து வரும் அலையின் மாக் எண் ஏறத்தாழ 1.4-க்குமேல் போனால், வளையத்தின் உள்ளே காற்று ஒலியையும் மிஞ்சிய வேகத்தில் ஓடுகிறது. அதனால் வளையத்துக்குள்ளேயே இன்னொரு சிறு அதிர்ச்சி அலை குடியேறிவிடுகிறது. சுமார் 1.6-க்குமேல் போனால், பெரிய வளையத்துக்கு முன்னால், எதிர்த்திசையில் சுழலும் குட்டி வளையம் ஒன்று தோன்றுகிறது. இந்தக் குட்டி வளையங்களைக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது நாம் அறிந்து மகிழ வேண்டியது.

ஆனால் ஒரு சிக்கல். அலை முன்னே ஓடிவிடுகிறது; வளையம் பின்னே வருகிறது. இருவரையும் சந்திக்க வைப்பது எப்படி? அதற்கு ஓர் எளிய தந்திரம் உண்டு. குழாய்க்கு எதிரே ஒரு சுவரை நிறுத்திவிட்டால் போதும். முன்னே ஓடிய அலை சுவரில் மோதித் திரும்புகிறது. பின்னே வந்துகொண்டிருக்கும் வளையத்தை நேருக்கு நேர் சந்திக்கிறது.

சந்திப்பு

இருவரும் சந்திக்கும்போது முதலில் யார் யாரை மாற்றுகிறார்கள்? சுவர்போல நேராக வந்த அலையை வளையம் வளைத்துவிடுகிறது. வளையத்தின் நடுவே காற்று அலைக்கு எதிராக வீசுகிறது. அங்கே அலை பின்தங்குகிறது. வளையத்துக்கு வெளிப்புறத்தில் காற்று அலையோடு சேர்ந்து வீசுகிறது. அங்கே அலை முந்துகிறது. ஆகவே தட்டையான அலை, நடுவில் குழிந்த கிண்ணம்போல ஆகிறது. குழியாடி வெயிலை ஒரு புள்ளியில் குவிப்பதுபோல, இந்தக் கிண்ணமும் தன் ஆற்றலை நடு அச்சை நோக்கிக் குவிக்கிறது. ஒரு நொடிக்கும் மிகமிகக் குறைந்த நேரத்துக்கு, தட்டையான அலையால் உண்டாகக்கூடிய அழுத்தத்தைவிட அதிகமான அழுத்தம் அங்கே எழுகிறது. வளையமும் அலையும் ஒரே திசையில் சென்றால் இதற்கு நேர்மாறு: நடுப்பகுதி முந்தி, அலை முன்னே புடைத்துக்கொள்ளும். வளையம் மிக வலியதானால் அலை உடைந்து பல கிளைகளாகிவிடுவதும் உண்டு. ஆனால் அதிர்ச்சி அலைக்கு ஒரு விசேஷ குணம்: காயம் பட்டாலும் விரைவில் ஆறிக்கொள்ளும். சற்றுத் தூரம் சென்றதும் அது மறுபடி நேராகிவிடுகிறது.

வளையத்துக்கு நேர்ந்தது என்ன? முதலாவது, எதிரே வந்துகொண்டிருந்த வளையத்தை அலையின் பின்னே வரும் காற்றுவெள்ளம் வாரிக்கொண்டு போகிறது. வெள்ளத்தை எதிர்த்து நீந்தும் மீன், நீந்திக்கொண்டே பின்னுக்குப் போவதுபோல, வளையமும் தன் சுழற்சியை விடாமலே பின்வாங்குகிறது. இரண்டாவது, அது கலைந்துவிடவில்லை. இதுதான் எனக்கு முதன்முதலில் ஆச்சரியம் தந்தது. ஒரு சுத்தியல் அடிபோல வந்த அலைக்குப் பிறகும் வளையம் வளையமாகவே இருக்கிறது. ஆனால் நசுங்கியிருக்கிறது. வளையத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முன்பு வட்டமாக இருந்த அதன் கரு, இப்போது நீள்வட்டமாகிவிட்டது. சுற்றளவில் மொத்தச் சுழற்சி ஏறக்குறைய முன்போலவே இருக்கிறது; கரு சுருங்கிவிட்டதால் உள்ளே சுழற்சியின் செறிவு கூடிவிடுகிறது. மாக் 1.5 அலையானால், அடர்த்தியைப் போலவே அதுவும் 1.86 மடங்கு.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வந்துவிட்டோம். அமைதியாகச் சுழலும் வளையத்தில் ஒரு சமநிலை உண்டு. சுழலும் காற்று வெளியே சிதறப் பார்க்கிறது. நடுவிலுள்ள குறைந்த அழுத்தம் அதை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. அலை வந்து நசுக்கியதும் இந்தச் சமநிலை குலைகிறது. குலைந்த கரு பழைய நிலைக்குத் திரும்ப முயன்று ஆடுகிறது. ஆடும்போது இரண்டு பக்கங்களில் காற்றை நெருக்குகிறது. மற்ற இரண்டு பக்கங்களில் தளர்த்துகிறது. நெருக்கலும் தளர்த்தலும் அலையாகப் பரவினால் அதன் பெயர் என்ன? ஓசை!

கோயில் மணியை நினைத்துக்கொள்ளுங்கள். நாக்கு அடித்ததும் மணியின் வட்டமான வாய் மிக நுட்பமாக நீள்வட்டமாகிறது. மறுகணம் குறுக்குவாட்டில் நீள்வட்டமாகிறது. இப்படி மாறி மாறி ஆடுவதால்தான் நாதம் எழுகிறது. இங்கே அதிர்ச்சி அலை நாக்கு, சுழல் மணி. வித்தியாசம் ஒன்றுண்டு. வெண்கல மணி நெடுநேரம் ஒலிக்கும். காற்று மணி ஓரிரு அலைகளை எழுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். முதலில் ஓர் ஒலி அலை புறப்படுகிறது. அதன் பின்னே இன்னோர் அலை வருகிறது. முதல் அலையில் நெருக்கல் இருந்த பக்கத்தில் இதில் தளர்த்தல், தளர்த்தல் இருந்த பக்கத்தில் நெருக்கல்.

இது வெறும் கற்பனையன்று. ஹாலிங்ஸ்வொர்த்தும் ரிச்சர்ட்ஸும் 1955-இல் அதிர்ச்சிக் குழாயில் ஒரு சுழலின்மீது அலையைச் செலுத்தி, சுழலை மையமாகக் கொண்டு ஒலி அலை வட்டமாக விரிவதை ஷ்லீரன் படங்களில் கண்டார்கள். 1965-இல் டோஸாஞ்ஜும் வீக்ஸும் அந்த வட்டத்தைச் சுற்றி அழுத்தத்தை அளந்து, நெருக்கலும் தளர்த்தலும் நான்கு பகுதிகளாக மாறி மாறி வருவதை நிறுவினார்கள். 1999-இல் இனோவேயும் ஹட்டோரியும் கணிப்பொறியில் சமன்பாடுகளைத் தீர்த்து, இரண்டாவதாக வரும் ஒலியையும் விளக்கினார்கள். ஒன்று மட்டும் மனத்தில் இருக்கட்டும்: அமைதியாகச் சென்ற சுழலை அலறவைத்தது அந்தச் சந்திப்புதான்.

நிற்கும் விமானம் ஏன் அலறுகிறது?

விமானம் அசையாமல் நிற்கலாம்; அதன் பின்னே பாயும் வெப்ப வாயு அசையாமல் நிற்கவில்லை. போர் விமானத்தின் எஞ்சின் முழுச் சக்தியில் ஓடும்போது அந்த வாயு ஒலியையும் மிஞ்சிய வேகத்தில் வெளிவருகிறது. எஞ்சினின் குழல்வாயை விட்டு வரும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாக இராவிட்டால், அது விரிகிறது, அளவுக்குமேல் விரிந்துவிட்டுச் சுருங்குகிறது, மறுபடி விரிகிறது. சுருங்கும் இடங்களிலெல்லாம் அதிர்ச்சி அலைகள் நிற்கின்றன. ஆஃப்டர்பர்னர் போட்ட விமானத்தின் பின்னே, நெருப்புக்குள் வைரக்கற்களைக் கோத்தாற்போல் வரிசையாக ஒளிர்வதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவை இந்த அலைகள் நிற்கும் இடங்களே. அப்பா அவற்றை நேரில் பார்த்தவர்.

அதே வாயுத்தாரையின் ஓரத்தில், நிற்கும் காற்றும் பாயும் வாயுவும் உரசும் இடத்தில், சுழல்கள் உருண்டு உருண்டு பிறக்கின்றன. வட்டமான தாரையானால் அவற்றுள் பல வளையங்களே. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அலை ஓடி வந்து வளையத்தைச் சந்திக்கிறது. இங்கே அலை நிற்க, வளையம் ஓடிச் சந்திக்கிறது. அவ்வளவுதான் வேற்றுமை. ஒவ்வொரு சந்திப்பிலும் ஓர் ஓசை.

அதோடு முடியவில்லை. பிறந்த ஓசை வெளிக்காற்றின் வழியே முன்னோக்கித் திரும்பி வந்து குழல்வாயின் விளிம்பைத் தட்டுகிறது. அந்தத் தட்டலால் அடுத்த சுழல் இன்னும் வலிமையாகப் பிறக்கிறது. அது போய் அலையைச் சந்திக்கிறது. இன்னும் பெரிய ஓசை. மறுபடி விளிம்பில் தட்டல். நம் சங்க விழாவில் மைக்கை ஒலிபெருக்கியின் அருகே கொண்டுபோய்விட்டு, 'கீ...' என்ற அலறலைக் கேட்டு எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோமே, அதே சங்கதிதான்! குழாய்த் தாரையின் இந்தக் கீச்சொலியை 1953-இல் ஆலன் பவல் விளக்கினார்.

முழு ஓசையும் இதுவே என்று நான் சொல்லமாட்டேன். அலையே இல்லாத தாரையிலும் கொந்தளிப்பு ஓசை எழுப்பும். தாரையின் வேகம் இரண்டு மடங்கானால் அந்த ஓசையின் ஆற்றல் 256 மடங்காகும் என்ற விதியை லைட்ஹில் 1952-இல் கண்டார். அந்த முழக்கத்தோடு, அலைகளைச் சுழல்கள் கடக்கும் இரைச்சலும், சில வேளை கீச்சொலியும் சேர்ந்துகொள்கின்றன. அருகில் நிற்பவர் காதில் 140 டெசிபலையும் தாண்டும் ஓசை விழக்கூடும். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஆற்றல் பத்து மடங்கு என்று பொருள். உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் மனிதருக்கு ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

ஓசை பிறக்கும் இடம் தெரிந்தால் அதைக் குறைக்கவும் வழி தேடலாம். குழல்வாயின் விளிம்பைச் சீரான வட்டமாக விடாமல், வாழைக்காய் சீவும் பலகையின் பல்லைப்போல வெட்டுகள் வைத்தால், சுழல்கள் ஒழுங்கான வளையங்களாகச் சேர்வது கெடுகிறது. தட்டலும் சந்திப்பும் தாளம் தப்புகின்றன. செவ்ரான் எனப்படும் இத்தகைய பல்விளிம்பைப் போயிங் 787 பயணிகள் விமானத்தின் எஞ்சின் கூடுகளில் காணலாம். போர் விமானங்களில் உந்துவிசையை இழக்காமல் ஓசையைக் குறைப்பது இன்னும் கடினமான காரியம். அலையும் வளையமும் சந்திப்பதை ஒன்று, இரண்டு என்று பிரித்து வைத்து நாங்கள் ஆராய்வது இதற்காகத்தான். ஆயிரம் பேர் கூச்சலில் ஒரு குரலை அடையாளம் காண வேண்டுமானால், முதலில் அந்தக் குரலைத் தனியே கேட்டிருக்க வேண்டும் அல்லவா?

அப்பாவுக்குச் சொன்ன பதில்

விடுமுறை முடிவதற்குள் அப்பாவுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும் என்று முயன்றேன். வாயால் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும். ஆகவே அட்டைப் பெட்டியை எடுத்தேன். பூஜை அறையிலிருந்து ஊதுவத்தி கொண்டுவந்தேன். முதல் வளையம் கூடத்தின் குறுக்கே போய்ச் சுவரில் பட்டு விரிந்ததும் அப்பா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தாளில் வைரவரிசையை வரைந்தேன். "இதை நான் தினம் பாத்திருக்கேன்" என்றார். வரிசையின் ஓரத்தில் வளையங்களை வரைந்து, இரண்டும் சேரும் இடத்தைப் பென்சிலால் தொட்டுக் காட்டினேன். "இங்கேதான், அப்பா."

நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்விளிம்பைப் பற்றி எழுதிக் காட்டியதும் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெட்டியின் துளையைச் சுற்றி, அளவெடுத்தாற்போலச் சிறு பற்களை வெட்டினார். முப்பது ஆண்டு ஸ்பானர் பிடித்த கை! மறுபடி புகையை நிரப்பித் தட்டினோம். வளையம் முன்போல் சீராக வரவில்லை. கோணிக்கொண்டு வந்து, பாதித் தூரத்திலேயே கலைந்துவிட்டது.

"அப்போ இதை அன்னிக்கே செஞ்சிருக்கலாமேடா" என்றார் அப்பா. செய்திருக்கலாம் என்றோ முடியாது என்றோ நான் பதில் சொல்லவில்லை. அதற்கு வேண்டிய கணக்கு இன்னும் முழுதாக முடியவில்லை. என் ஆராய்ச்சி அந்தக் கணக்கில் ஒரு சிறு வரி.

நண்பர்களே, நம்மில் பலர் பட்டறைகளிலும் எஞ்சின் சோதனைக் கூடங்களிலும் வேலை செய்கிறோம். நாளை இன்னும் பலர் செய்யப்போகிறோம். காதுமூடி வியர்க்கும், உறுத்தும், பேச்சுக்குத் தடையாகவும் இருக்கும். இருந்தாலும் கழற்றாதீர்கள்.